நெரிசலில் எண்ணினால் குறைவாகத்தான் வரும்

பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில், ஏப்ரல் விடுமுறையில் ஒரு வாரம் வண்டி எண்ணும் வேலைக்குப் போனேன். சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சந்திப்பு. கையில் கிளிக்கர், மடியில் அட்டை, காலை 7 மணியிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். நேராகப் போவது, இடப்பக்கம் திரும்புவது, வலப்பக்கம் திரும்புவது. அதிலும் கார், மோட்டார்சைக்கிள், லாரி, பேருந்து தனித்தனி. மூன்றாம் நாள் 8 மணிக்கு மேல் கடும் நெரிசல். ஆனால் என் அட்டையில் எண்ணிக்கை முந்தைய நாளைவிடக் குறைவு. எங்கோ கணக்கை விட்டுவிட்டேன் என்று பயந்து, மேற்பார்வை பார்த்த அண்ணனிடம் காட்டினேன்.

"சரியாத்தான் எண்ணியிருக்கே தம்பி. நிக்கிற வண்டி உன்னைத் தாண்டல, அப்புறம் எப்படி எண்ணுவே? வரிசையோட வால் எங்க இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா."

வால் அடுத்த சந்திப்பையும் தாண்டிக் கிடந்தது.

புதிய சாலைக்கோ விரிவாக்கத்துக்கோ திட்டமிடுபவர்களை முதலில் ஏமாற்றுவது இந்த இடம்தான். நாம் எண்ணுவது கடந்துபோன வண்டிகளை. தெரியவேண்டியது, போக விரும்பிய வண்டிகள் எத்தனை என்பது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் 2 நொடி இடைவெளி என்றால், ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் 3,600-ஐ 2-ஆல் வகுத்து 1,800 வண்டிகள் போகலாம். விரைவுச்சாலையில் இது 2,000-ஐத் தாண்டுவதும் உண்டு. அதற்குமேல் பெரிதாகக் கூடாது. வண்டிகள் சேரச் சேர வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கடந்துபோகும் எண்ணிக்கை கூடிக்கொண்டே வரும். உச்சத்தைத் தொட்டபின் ஒருவர் பிரேக் போட்டால் போதும், பின்னால் வரிசையாக எல்லோரும் போடுவார்கள். வேகமும் எண்ணிக்கையும் சேர்ந்தே சரியும். அதனால் ஒரு தடத்தில் மணிக்கு 1,200 என்ற எண்ணை மட்டும் காட்டினால், அது காற்றோட்டமான ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமைக் காலை நெரிசலா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே வேகத்தையும் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் வேகத்தைப் பார்த்து மாற்றப்படுவதற்கும் இதுவே அடிப்படை. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். காலியான சாலை யாருக்கும் நோக்கமல்ல. வண்டிகள் அதிகமாகக் கடக்கும் அந்த உச்சத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

இன்று கிளிக்கர் பையன்கள் குறைவு. சமிக்ஞை விளக்கின் நிறுத்தக்கோட்டுக்கு அருகே தார்ச்சாலையில் செவ்வகமாக ஒரு வெட்டுத் தழும்பு தெரியும். அடியில் கம்பிச் சுருள் புதைந்திருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் ஓடும். மேலே கார் வந்து நின்றதும் அதன் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சுருளின் மின்தூண்டல் குறையும். அந்த மாற்றத்தை வைத்து 'ஒரு வண்டி வந்தது' என்று கருவி குறித்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு சுருள்கள் இருந்தால் வேகமும் கிடைத்துவிடும். நம் விளக்குகளை இயக்கும் கிளைட் அமைப்பு, சிட்னியில் உருவான முறையை ஒட்டியது, இந்தச் சுருள்களை நம்பித்தான் பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கேமராக்களும் உண்டு. ஆனாலும் பள்ளி விடுமுறையில் எண்ணினால் எந்தக் கருவியும் உதவாது. பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிடும் கார்கள் இல்லாத காலையில் சாலைகள் வேறு மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் எண்ணுவதும் அப்படியே. அதை வைத்து ஆண்டு முழுதுக்கும் திட்டம் போட்டால் வேடிக்கையாகிவிடும். எண்ணுவதற்குச் செவ்வாய், புதன், வியாழன் பொதுவாகப் பாதுகாப்பான நாள்கள்.

சரி, இன்றைய எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டு கழித்து எவ்வளவு?

ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கூட்டிக்கொண்டே போவது சோம்பேறி வழி. 1950களில் அமெரிக்காவில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவான நான்கு படி முறை இன்றும் அடித்தளமாக இருக்கிறது. பொங்கோலில் ஒரு புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து காலையில் எத்தனை பயணங்கள் கிளம்பும்? அவை எங்கே போகும்? ஏறத்தாழ நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரி: வேலை நிறைய உள்ள இடம் அதிகம் இழுக்கும், தூரம் அந்த இழுப்பைக் குறைக்கும். பிறகு, எத்தனை பேர் காரில், எத்தனை பேர் எம்ஆர்டி ரயிலில்? கடைசியாக, காரில் போகிறவர்கள் எந்தச் சாலையில்? இதற்கெல்லாம் தீனி வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு வாங்கப்படுகிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 10,000 குடும்பங்களிடம் அன்றாடப் பயணங்களை விசாரித்து வந்திருக்கிறது.

கடைசிப் படியில் ஒரு பழைய சூத்திரம் வரும். சாலை பாதி நிரம்பியிருந்தால் பயண நேரம் 1 விழுக்காடுகூடக் கூடாது. முழுதாக நிரம்பினால் 15 விழுக்காடு கூடும். கொள்ளளவைத் தாண்டி 20 விழுக்காடு ஏறினால் 31 விழுக்காடு. நான்காம் அடுக்கில் ஏறும் வளைவு அது. கணிப்பில் சின்னப் பிழை, சாலையில் பெரிய எரிச்சல்.

மற்ற நாட்டில் கணிப்பவர் எத்தனை கார்கள் வரும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். இங்கே அந்த எண்ணை அரசு முடிவு செய்கிறது. 1990 மே மாதத்திலிருந்து, வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய சிஓஇ சான்றிதழ் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கார், மோட்டார்சைக்கிள் வளர்ச்சி விகிதம் பூஜ்ஜியமானது. 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்கள் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான். ஆனால் அதே கார் எப்போது, எங்கே, எவ்வளவு தூரம் ஓடும் என்பதை யாரும் ஏலம் விடுவதில்லை.

அங்கேதான் கணிப்பு சறுக்கும். நெரிசலுக்குப் பயந்து காலை 6 மணிக்கே கிளம்பியவர், சுற்றுவழியில் போனவர், காரை வீட்டில் விட்டு ரயிலில் போனவர், எல்லோரும் புதிய சாலை திறந்ததும் அதில் வந்து சேர்வார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதிவிட்டார். என் அட்டையில் விழாத அந்த வரிசையின் வால், இன்னும் நீளமாக, வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃபிலுப்யாவின் குழு 2005-இல் பல நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்தபோது, சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்புக்கும் நிஜத்துக்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். ரயில் கணிப்புகளோடு ஒப்பிட்டால் அதுவே தேவலை.

வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து நகரம் வரை 21.5 கிலோமீட்டருக்குக் கட்டப்படும் நார்த்-சவுத் காரிடார் 2008-இல் அறிவிக்கப்பட்டபோது அது வெறும் விரைவுச்சாலை. 2016-இல் பேருந்துத் தடங்களும் சைக்கிள் பாதையும் சேர்ந்தன. அதாவது கேள்வியே மாறிவிட்டது: எத்தனை வண்டி என்பதல்ல, எத்தனை பேர் என்பது. வண்டி எண்ணும் முறையில் மோட்டார்சைக்கிள் அரைக் கார், பெரிய லாரியும் பேருந்தும் இரண்டு கார். இஆர்பி கட்டணத்திலும் இந்த விகிதம்தான். நான் வைத்திருந்த அட்டையில் ஈரடுக்குப் பேருந்து ஒன்று போனால் ஒரு கோடு. உள்ளே நூறு பேர் இருந்தாலும், ஓட்டுநர் மட்டும் டெப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாலும் அதே ஒரு கோடுதான். தலைகளை எழுத அதில் கட்டமே இல்லை.