சுளகும் நாற்காலியும்

முக்கூடலில் இருக்கும் என் சித்தி ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள். சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், ஆனாலும் வேலை அதிகம் என்று அவள் புலம்பி நான் கேட்டதில்லை. அவளுக்குக் கொதிப்பு ஏறுவது பீடிக்கடையில்தான். மோசமான இலையைக் கொடுத்தவர்களே, அதில் சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கழித்துப் போடும்போது, "இலைய நானா விளைய வச்சேன்?" என்பாள்.

இதைத்தான் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979-ல் எழுதினார். வேலைச்சுமை மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. சுமை கூடுதலாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் கடுமையாகிறது. லண்டனில் 10,308 அரசு ஊழியர்களை 1985-லிருந்து பின்தொடர்ந்த ஆய்விலும், தன் வேலையில் தனக்குப் பிடி இல்லை என்றவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. மேலதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அலுவலகங்களில் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்து என்று மூளை நினைத்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 208 ஆய்வகச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2004-ம் ஆண்டுக் கட்டுரையின்படி, அது மிக அதிகமாக ஏறுவது இரண்டு விஷயம் சேரும்போது: என்ன செய்தாலும் முடிவு மாறாது, கூடவே நாலு பேர் நம்மை எடைபோடுகிறார்கள். பீடிக்கடை மேசை முன்னால் இரண்டுமே உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்தது கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை. காதைக் கிழிக்கும் சத்தத்துக்கு நடுவே ஆட்களை உட்கார வைத்து வேலை கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தான்: அழுத்தினால் சத்தம் நிற்கும், ஆனால் முடிந்தவரை அழுத்தாதீர்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. சத்தம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அப்புறம் கொடுத்த புதிர்களைப் பொத்தான்காரர்கள் விடாமல் முயன்றார்கள், மற்றவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் என் அத்தை மகன் நாள் முழுக்க நிற்கிறான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபோது, "வியாபார நேரத்துல எவன் உக்காருவான்" என்று சிரித்தார்கள். சரி, உட்காரவே வேண்டாம். அந்த நாற்காலி அங்கே கிடந்தாலே அது ஒரு பொத்தான்தானே என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடப்பது என் கையில் என்று நம்புகிறவர்கள், தலையெழுத்து என்று விடுகிறவர்கள் என்று உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-ல் மனிதர்களை அளந்து பார்த்தார். அளவுகோலின் முதல் முனையில் இருப்பவர்கள் பொதுவாக நெருக்கடியை நன்றாகத் தாங்குகிறார்கள். கேட்கிறார்கள், மாற்றிப் பார்க்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு 'மனசை மாற்று, எல்லாம் சரியாகும்' என்று ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கும் நிர்வாகங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சாப்பிடப் போகும் நேரம்கூடத் தன் கையில் இல்லாத பையனிடம் எல்லாம் உன் கையில் என்றால், அவன் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வான்.

சித்தி இப்போதெல்லாம் இலை வாங்கும் இடத்திலேயே கட்டைப் பிரித்து, பழுது இலையைத் தனியாக எடுத்துக் காட்டிவிடுகிறாள். பாதி நாள் மாற்றித் தருகிறார்கள், பாதி நாள் முறைக்கிறார்கள்.