மெஷின் ரூம் தளத்துக்கு 5 கிலோநியூட்டன் போதுமா?

பாய்லர், சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்ப் வைக்கும் அறையின் தளத்துக்கு லைவ் லோடை (கட்டடத்தின் சொந்த எடை போக, தளத்தின்மேல் வரும் ஆள், பொருள், இயந்திரச் சுமையை) கணக்கிட்டே எடுக்க வேண்டும், அது சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டனுக்குக் குறையவும் கூடாது என்கிறது கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 பகுதி 2 (1987). பலர் இதன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 5 என்று போட்டுவிடுகிறார்கள் (இனி வெறும் எண்ணாக வரும் சுமையெல்லாம் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்றே பொருள்). வீட்டு அறைக்கு எடுக்கும் 2-க்குப் பக்கத்தில் அது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் இயந்திரத்துக்கு அடியில் போடும் 150 மி.மீ. கான்கிரீட் பீடமே 3.75 வந்துவிடும். தண்ணீர் அரை மீட்டர் நின்றாலே 5 தீர்ந்தது.

இயந்திரத்தின் எடையை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். லாரியில் வரும்போதுள்ள எடை உதவாது. தண்ணீர், எண்ணெய் நிரம்பி ஓடும்போதுள்ள எடையும், ஒவ்வொரு காலிலும் இறங்கும் பங்கும் வேண்டும். 6 டன் (சுமார் 60 கிலோநியூட்டன்) எடையுள்ள சில்லர் 4 × 2 மீட்டர் இடத்தில் உட்கார்ந்தால் சராசரி 7.5. நான்கு கால்தான் என்றால் ஒரு காலுக்குச் சுமார் 15 கிலோநியூட்டன். கம்ப்ரசர் இருக்கும் பக்கம் இன்னும் கூடும். ஸ்லாபின் நடுவில் விடாமல், கால்களுக்கு நேர் கீழே பீம் வருமாறு அமைப்பது நல்லது. இலகுரக இயந்திரம், மோட்டார் என்றால் அதிர்வுக்காக 20 சதவீதமும், பிஸ்டன் வகை இயந்திரத்துக்கு 50 சதவீதமும் கூட்ட வேண்டும். சுற்றியுள்ள காலி இடத்துக்கு 5 அப்படியே இருக்கட்டும்.

இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வரும் பாதையைத்தான் அதிகம் மறக்கிறார்கள். அறை தாங்கும், வழியிலுள்ள வராந்தா 3-க்குப் போட்டதாக இருக்கும்.

மாடி கூடக் கூட, தூணுக்கு வரும் லைவ் லோடைக் குறைக்க விதியில் இடமுண்டு. தனியாகக் கணக்கில் எடுத்த இயந்திர எடைக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலநடுக்கக் கணக்கிலும் அப்படித்தான். நிலநடுக்கத் தரநிலையான ஐஎஸ் 1893-இன்படி 3-க்கு மேற்பட்ட லைவ் லோடில் பாதியை எடுத்தால் போதும், மொட்டைமாடி லைவ் லோடை விட்டே விடலாம். நிலையாகப் பொருத்திய இயந்திரமோ முழு எடையோடு சேர வேண்டும். மாடியில் சில்லரை ஏற்றுவோர் இதில் கோட்டைவிட்டால், மேல்தளத்துக்கான நிலநடுக்க விசையே கணக்கில் குறைவாக வரும்.

3-க்கு மேல் வடிவமைத்த தளத்தில், தாங்கும் சுமையைப் பொறித்த நிரந்தரப் பலகை வைக்கவும் விதி சொல்கிறது: குறைந்தபட்ச அளவு 0.25 மீட்டர், தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரம். இயந்திரம் நிற்கும் இடத்தையும் அதில் குறிக்கலாம். நடைமுறையில் இதை வைப்போர் குறைவு. பழைய சில்லரை மாற்ற வருபவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.