தமிழோசை ஏன் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சின்ன வயதில் இரவு ஒன்பதேகாலுக்கு அப்பா ரேடியோவில் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையை வைப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கும். மறுநாள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். ரேடியோவின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். உண்மையில் கோளாறு எங்கே?"

எங்கள் வீட்டு ரேடியோவும் அப்படி நிறைய அடி வாங்கியது. பாவம், பழி அதன் மேல். கோளாறு செய்தது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியன்.

ரேடியோ அலை நேராகப் போகும், பூமியோ உருண்டை. ஆனாலும் 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுப்பிய குறிப்பு, அட்லாண்டிக்கின் மறுகரையான நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். மேலே ஏதோ ஒன்று அலையைத் திருப்புகிறது என்று மறு வருடமே கென்னலி, ஹெவிசைடு என்ற இரு மின்பொறியாளர்கள் ஊகித்தார்கள். 1924-இல் இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதை நிரூபித்தார், 1947-இல் நோபல் பரிசும் வாங்கினார். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அப்படிப் பிய்ந்த எலக்ட்ரான்கள் திரியும் பகுதிதான் அயனி மண்டலம். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அலை கடந்து போகும்போது அதன் மின்புலம் எலக்ட்ரானை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான் தானே ஒரு குட்டி ஆன்டெனா. வாங்கிய ஆற்றலை அலையாகவே திருப்பிக் கொடுத்துவிடும், நடுவில் யார் மேலும் மோதாமல் இருந்தால்.

தரையிலிருந்து 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது எஃப் அடுக்கு. அங்கே காற்று இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். காலி மைதானத்தில் கையை வீசி நடப்பவன் மாதிரி எலக்ட்ரான் ஆடுகிறது, இடிக்க ஆளில்லை. இப்படிக் கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் சேர்ந்து, தார்ச்சாலையின் கானல் நீர் ஒளியை வளைப்பது போல, அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் கீழே அனுப்புகின்றன. கன செ.மீ.க்குப் பத்து லட்சம் எலக்ட்ரான் இருந்தால், செங்குத்தாக மேலே போகும் 9 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 லட்சம் ஆட்டம்) அலைவரை திரும்பி வரும். சாய்வாக அனுப்பினால் அதைவிட உயர்ந்த அலைவரிசையும் வரும்.

இப்போது 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்குங்கள். இது டி அடுக்கு. காற்று இங்கே எஃப் அடுக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தி. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கையை வீசிப் பாருங்கள், வீசும்போதெல்லாம் யார் மேலாவது இடிக்கும். இங்குள்ள எலக்ட்ரான் கதியும் அதுதான், நொடிக்குப் பல லட்சம் மோதல். அலையிடம் வாங்கிய ஆற்றல் மோதலில் வெப்பமாகத் தொலைகிறது. மீடியம் வேவ் நொடிக்குச் சுமார் பத்து லட்சம் முறைதான் ஆடுகிறது. ஓரிரு ஆட்டத்துக்குள் எலக்ட்ரான் மோதிவிடும். சிற்றலை (ஷார்ட் வேவ், தமிழோசை வந்தது இதில்தான்) அதைவிடப் பத்து மடங்கு வேகமாக ஆடுவதால் பெரும்பாலும் தப்பித்து மேலே போய்விடுகிறது. அதே எலக்ட்ரான்தான், மேலே இருந்தால் திருப்பிக் கொடுக்கிறது, கீழே இருந்தால் தின்றுவிடுகிறது!

சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலக்ட்ரான்கள் பக்கத்திலேயே துணை (எலக்ட்ரானை இழந்த அணு) கிடைத்துச் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. எஃப் அடுக்கில் துணை தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். தின்னும் அடுக்கு போய்விடுகிறது, திருப்பும் அடுக்கு மட்டும் மிஞ்சுகிறது. பகலில் உள்ளூர் நிலையம் மட்டும் எடுக்கும் ரேடியோ இரவில் எங்கெங்கோ உள்ள நிலையங்களை எடுப்பது இதனால்தான்.

சரி, ஒரே இரவு நேரத்தில் நாளுக்கு நாள் ஏன் மாறியது? எஃப் அடுக்கின் அடர்த்தி சூரியனின் மனநிலையைப் பொறுத்தது, நாளுக்கு நாளும் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள் பெருகும்போது புற ஊதாக் கதிர் கூடி, எலக்ட்ரானும் கூடும். அப்போது 28 மெகாஹெர்ட்ஸில்கூட ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்கள்) சின்ன ஆன்டெனாவை வைத்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பேசுவார்கள். இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024-இல் உச்சம் தொட்டது.

உச்சத்துக்கு ஒரு விலையும் உண்டு. சூரியத் தீக்கொழுந்து (சோலார் ஃப்ளேர்) ஒன்று வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் இங்கே வந்து, பகல் பக்கத்தில் டி அடுக்கைத் தடிக்கச் செய்துவிடும். சிற்றலையும் மாட்டிக்கொள்ளும். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் கரீபியன் தீவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எக்ஸ் 9.3 அளவுள்ள தீக்கொழுந்து வெடித்தது (எக்ஸ்தான் இருப்பதிலேயே வலிய வகை). மீட்புப் பணிக்கு ஹாம் ரேடியோவை நம்பியிருந்த நேரத்தில் சிற்றலை அடங்கிப்போனது. பிரெஞ்சு கயானா கடலோரம் பறந்த ஒரு விமானத்தோடு சுமார் 90 நிமிடம் ரேடியோத் தொடர்பே இல்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர், செல்போனைத் தள்ளி வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். தீக்கொழுந்து தொடுவது பகல் பக்கத்தை; அதுவும் உங்களையல்ல, தலைக்கு மேல் 60 கிலோமீட்டர் தாண்டி உள்ள காற்றை. நள்ளிரவில் அதற்குப் பயந்து போனை அணைப்பது, மழைக்குப் பயந்து குளியலறையில் குடை பிடிப்பது போல.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. சூரியனை ஆராயும் விண்கலமான ஆதித்யா எல்1 கிளம்பியபோது எல்லாச் சேனலும் நேரலை காட்டியது, நல்லதுதான். ஆனால் கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் வெளுத்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். 11 ஆண்டுச் சுழற்சியை ஒருவரால் ஆயுளில் ஏழெட்டு முறைதான் பார்க்க முடியும். தலைமுறை தாண்டிய அலுப்பூட்டும் பதிவு இல்லாமல் இந்தத் துறையே கிடையாது. நிதி ஒதுக்குபவர்களுக்கு அந்த அலுப்பும் ஒரு கருவிதான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

பரணில் பழைய ரேடியோ இருந்தால் இறக்குங்கள். எல்.இ.டி. விளக்கையும் போன் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள், அவை போடும் இரைச்சல் தனிக்கதை. சாயங்காலம் ஐந்தரைக்கு மீடியம் வேவில் ஆளில்லாத இடமாகப் பார்த்து முள்ளை நிறுத்துங்கள். முதலில் வெறும் இரைச்சல்தான். இருட்ட இருட்ட அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் மெல்ல எழும், அமுங்கும், மறுபடி எழும். மேலே டி அடுக்கு கரைந்துகொண்டிருக்கிறது. தட்டாதீர்கள்.