கொரோனா காலத்துல வண்டி மோதிட்டா கீழ இறங்கி சண்டை போடணுமா?

கும்பகோணத்துல இருந்துகிட்டு மோட்டார் இன்சூரன்ஸ் சர்வே பாக்குறேன். பாபநாசம், திருவாரூர், மயிலாடுதுறைன்னு வண்டி எங்க அடிபட்டுக் கெடந்தாலும் போய்ப் பாத்து, சேதத்துக்கு மதிப்பு போட்டு ரிப்போர்ட் குடுக்குறதுதான் என் வேலை. இத்தன வருஷத்துல எத்தனையோ நசுங்கின பம்பரப் பாத்தாச்சு, ஆனா 2020 ஜூலைல பாத்த ஒரு கேஸ் மட்டும் மனச விட்டுப் போகவே மாட்டேங்குது.

அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாங்க, பல வருஷம் கழிச்சு சரியான தேதில தண்ணி வந்ததுனால எல்லாரும் குறுவைல இறங்கிட்டாங்க. ஊரடங்கு இருந்தாலும் விவசாய வண்டிக்குத் தடை இல்ல. அப்ப ஒருநாள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர், சம்சாரத்த டயாலிசிஸுக்கு தஞ்சாவூர் கூட்டிகிட்டுப் போறார், பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் வாய்க்கா கரைலேருந்து சேறடிக்கிற கேஜ் வீலோட (இரும்புக் கூண்டுச் சக்கரம்) ஒரு டிராக்டர் ரோட்ட பாக்காம அப்படியே மேல ஏறிடுச்சு. சார் பிரேக் போட்டும் இடது பக்க ஹெட்லைட்டும் பானட்டும் போச்சு. யாருக்கும் அடி இல்ல.

அதோட முடிஞ்சிருக்கணும். ஆனா அஞ்சு நிமிஷத்துல முப்பது பேர் கூடிட்டாங்க, பாதிப் பேருக்கு மாஸ்க் தாடைல தொங்குது. "என்ன பெரியவரே, பாத்து வரக்கூடாதா"ன்னு ஒருத்தர், "எங்க பையன் மேல தப்பே இல்ல"ன்னு தோள்ல கைய வெச்சு ஒருத்தர், சார் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிகிட்டு முக்கா மணி நேரம் வெயில்ல அந்தக் கூட்டத்துக்குள்ளயே நின்னுருக்கார், அந்தம்மா கார்ல கதவத் திறந்து வெச்சுகிட்டு உக்காந்திருக்காங்க. பத்து நாள்ல ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ். அங்கேருந்துதான் ஒட்டுச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அந்தம்மா இருபது நாள் ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சு வந்தாங்க, அது போதும்.

இதுல எனக்கு வயிறு எரிஞ்சது எதுக்குன்னா, அவர் கார் முன் கண்ணாடில டேஷ்கேம், அதாவது ரோட்டப் படம் புடிச்சுகிட்டே வர்ற சின்ன கேமரா, இருந்துச்சு. பையன் வெளிநாட்டுலேருந்து வாங்கி அனுப்பி மாட்டிவிட்டது. ஒர்க்ஷாப்புல நான் அதோட மெமரி கார்ட எடுத்து லேப்டாப்புல போட்டுப் பாக்குறேன், பன்னெண்டு செகண்ட், டிராக்டர் நிக்காம கரையேறி வர்றது தெளிவா இருக்கு. இந்தப் பன்னெண்டு செகண்ட் தன்கிட்ட இருக்குன்னு சாருக்கு தெரிஞ்சிருந்தா அந்த முக்கா மணி நேரம் நின்னிருக்கவே வேண்டாம்.

டேஷ்கேம் வைரஸத் தடுக்காது. கூட்டத்துல நின்னு கத்த வேண்டிய அவசியத்தக் குறைக்கும், தொற்று நேரத்துல அது சின்ன விஷயமில்ல. யார் மேல தப்புன்னு வாயால ஜெயிக்க வேண்டியதில்ல, அந்த வேலைய படம் பாத்துக்கும்.

அதே சமயம் ரோடு காலியா இருக்கே, என்ன ஆயிடப் போவுதுன்னு நெனச்சவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் போட்ட கணக்குல 2019-ல நாடு முழுக்க 4,49,002 விபத்து, 1,51,113 சாவு. 2020-ல விபத்து 3,66,138-ஆ குறைஞ்சுது, சாவு 1,31,714. நூறு விபத்துக்கு எத்தன பேர் செத்தாங்கன்னு பாத்தா 34 கிட்ட இருந்தது 36 ஆயிடுச்சு. விபத்து குறைஞ்சுது, ஆனா நடந்த விபத்து உயிர வாங்குறது கூடிருச்சு. எனக்குத் தெரிஞ்சு இங்க காலி ரோட்டுல வந்த வேகம்தான் காரணம், நசுங்கின வண்டியோட ஆழத்தப் பாத்தாலே தெரியும்.

அப்ப தொற்று நேரத்துல மோதிட்டா என்ன பண்றது? மொதல்ல யாருக்காவது அடியான்னு பாருங்க. அடின்னா மாஸ்க்கப் போட்டுகிட்டு உடனே இறங்கணும், 108-க்கு அடிக்கணும், தொற்று பயத்துல உள்ள உக்காந்திருக்குறது தப்பு, சட்டமும் ஒத்துக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஓட்டுனர் ஏற்பாடு பண்ணியே ஆகணும்னு சொல்லுது, கூட்டம் ஆவேசமா இருந்தோ, தன் கைய மீறின வேற காரணத்தாலயோ முடியாமப் போனா மட்டும்தான் விலக்கு. ஸ்பாட்டுல போலீஸ் இல்லன்னா பக்கத்து ஸ்டேஷன்ல சீக்கிரமா, எப்படிப் பாத்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள சொல்லிடணும். இன்சூரன்ஸுக்கும் எழுத்துல தெரிவிக்கணும்.

யாருக்கும் அடியில்ல, தகரம் மட்டும்தான்னா ஹசார்ட் லைட்டப் போட்டு வண்டிய ஓரங்கட்டுங்க. கண்ணாடிய ரெண்டு விரக்கடை இறக்கி, "அண்ணே, கேமரால பதிவாயிருக்கு, போலீஸ் வரட்டும், பேசிக்கலாம்"னு சத்தம் போடாம சொல்லுங்க. கேமரான்னு சொன்னதும் பாதிக் கூட்டம் தானா பின்னாடி போறத நான் நேர்லயே பாத்திருக்கேன். ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர், எம்பரிவாஹன்ங்கிற அரசு ஆப்ல இருந்தா போன்லயே காட்டலாம், 2018-லேருந்தே அது செல்லும், காகிதம் கை மாற வேண்டியதில்ல.

இனி கேமராவுக்கு வர்றேன், சாரோட படத்துல ஒரு பெரிய ஓட்ட இருந்துச்சு. படத்தோட கீழ் மூலைல தேதி 2017 ஜனவரி 1-னு ஓடுது. மார்ச் கடைசிலேருந்து கார் ரெண்டு மாசத்துக்கு மேல ஷெட்ல நின்னுச்சு, கேமராக்குள்ள இருந்த சார்ஜ் எறங்கி கடிகாரம் பழையபடி பூஜ்யத்துக்குப் போயிடுச்சு, யாரும் பாக்கல. எதிர்த்தரப்பு அதத்தான் புடிச்சுகிட்டாங்க, "இது அன்னிக்கு எடுத்த படமே இல்ல"ன்னு. நசுங்கின இடத்தையும் டிராக்டர் மட்கார்டுல ஒட்டுன பெயிண்டையும் வெச்சு நான் ஒவ்வொண்ணா பொருத்திக் காட்ட வேண்டியதாப் போச்சு. ஜிபிஎஸ் உள்ள மாடல்னா நேரத்த அதுவே சரி பண்ணிக்கும், இல்லாத மாடல்னா வண்டி ரொம்ப நாள் நின்னு எடுக்கும்போதெல்லாம் தேதியப் பாத்தே ஆகணும்.

கார்டு இன்னொரு தலவலி. டேஷ்கேம் சின்னச் சின்ன துண்டா எடுத்துகிட்டே போகும், கார்டு நெறஞ்சா பழசத் தானா அழிச்சுட்டு புதுசு எழுதும், 64 ஜிபின்னா ஃபுல் எச்டில எட்டு பத்து மணி நேரம் நிக்கும், அதுனால விபத்து ஆனதுக்கப்பறம் நாலு நாள் அதே கார்டோட ஓட்டிட்டு வந்து "சார் படம் காணோம்"னு சொன்னா எங்கேருந்து வரும்? அன்னிக்கே கார்டக் கழட்டிடுங்க. அதிர்ச்சிய உணர்ற ஜி-சென்சார் மோதுன துண்ட அழியாமப் பூட்டி வெக்கும், ஆனா நம்ம ஆத்தங்கரை ரோட்டுப் பள்ளத்துக்கு அத 'ஹை'ல வெச்சா ஒவ்வொரு பள்ளத்துக்கும் பூட்டிகிட்டே போய் கடைசில புதுசு எழுத எடமே இருக்காது, 'லோ'ல வைங்க. மாசத்துக்கு ஒரு தடவ கேமராலயே கார்ட ஃபார்மேட் பண்ணுங்க, அதாவது எல்லாத்தயும் அழிச்சுடுங்க. வெயில்ல பூட்டி நிக்கிற கார்ல லித்தியம் பேட்டரி உப்பிடும், வாங்கும்போதே அந்த பேட்டரிக்குப் பதிலா கெப்பாசிட்டர் வெச்ச மாடலாக் கேளுங்க. நிக்கிற வண்டியச் சுத்தியும் படம் புடிக்கிற பார்க்கிங் மோட் போட்டா, கார் பேட்டரி குறைஞ்சதும் தானா கட் ஆகுற ஒயரிங் கிட் போட்டுக்குங்க, வண்டி வாரக்கணக்கா நிக்கப் போவுதுன்னா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. சானிடைசர் கையோட லென்ஸத் தொட்டுட்டா படலம் படிஞ்சு, நைட்டு எதிர் லைட் அடிக்கும்போது படம் பூரா வெள்ளையாயிடும்.

புரட்டாசி, ஐப்பசிலயும் தை, மாசிலயும் ரோட்டுல பாதிக்கு நெல்லு காயும், சுத்தி கல்லு வெச்சிருப்பாங்க, ராத்திரில அந்தக் கல்லு கண்ணுக்கே தெரியாது. அதுல ஏறுன பைக் கேஸ் எவ்வளவோ பாத்தாச்சு, காலைல போனா நெல்லும் இருக்காது கல்லும் இருக்காது. அங்கெல்லாம் கேமரா ஒண்ணுதான் சாட்சி.

கோர்ட்டுக்குப் போற மாதிரி இருந்தா கார்ட அப்படியே கவர்ல போட்டு வைங்க, வாட்ஸ்அப்புல அனுப்பினா படம் சுருங்கிடும், வெட்டி ஒட்டவே கூடாது. மின்னணுப் பதிவோட நகலக் குடுத்தா, அது எந்தக் கருவிலேருந்து எப்படி எடுத்ததுன்னு சொல்ற சான்றிதழும் சேத்துக் குடுக்கணும்னு 2020 ஜூலைல சுப்ரீம் கோர்ட் உறுதியா சொல்லிடுச்சு. இப்ப புதுச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவுல அதுக்குப் படிவமே இருக்கு, ஃபைலோட ஹாஷ் மதிப்பையும் (ஃபைல யாரும் மாத்தலன்னு காட்டுற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) குறிக்கணும், நிபுணர் கையெழுத்தும் வேணும். உங்க வக்கீல்கிட்ட மொத நாளே இதப் பேசிடுங்க. நம்ம வேகமும் அந்தப் படத்துல தெரியும், தப்பு நம்ம மேலன்னா அதையும் அது சொல்லும், அதுக்கும் தயாரா இருக்கணும்.

படம் போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் வக்கீலுக்கும் போனா போதும். ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சாரோட பையன் போடணும்னு ரொம்பத் துடிச்சார், நாந்தான் வேண்டாம்னேன், டிராக்டர் ஓட்டுன தம்பிக்கு இருபது வயசு கூட இருக்காது, முகம் அதுல அப்படியே தெரியுது.