பழைய லெட்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள்

ஒரு தொழிலை மூடிவிட்டு இன்னொன்று தொடங்க வருகிறவர்களிடம், முந்தையது ஏன் நின்றது என்று ஆடிட்டர் என்ற முறையில் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பார்ட்டி ஏமாத்திட்டான் சார்." உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த தொழிலில் எதையும் மாற்ற முடியாது. அதனால் பழைய லெட்ஜரையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வரச் சொல்வேன்.

திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்தியவர் ஒருவரும் இதையே சொன்னார். லெட்ஜர் வேறு கதை சொன்னது. அந்தப் பார்ட்டி முதலில் ஒன்றரை மாதத்தில் பணம் தந்திருக்கிறார். அப்புறம் மூன்று மாதம், பிறகு ஐந்து மாதம். பாக்கி ஏற ஏற இவர் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறார். விட்டால் பழைய பணம் வராதே என்ற பயம். கடைசியில் பாதிக்கு மேல் விற்பனை அந்த ஒருவருக்கே. அதே சமயத்தில், அன்றாடச் செலவுக்காக பேங்க் தரும் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கிலிருந்து எடுத்து மெஷின் வாங்கியிருக்கிறார். சாயத்துக்கும் சனிக்கிழமைக் கூலிக்கும் சுழல வேண்டிய பணம் இரும்பாக நின்றுவிட்டது. பில் போட்டதற்கான ஜிஎஸ்டியை, பணம் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். இத்தனைக்கும், வராத பணமும் விற்பனையாகவே ஏறியதால், அந்த வருடக் கணக்கில் லாபம்!

சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு அவரிடம் இருந்தது, பயன்படுத்தியதில்லை. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2023-24 முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் பார்ட்டி மேல் புகார் கொடுக்க யாரும் துணிவதில்லை, அதுவும் நியாயம்தான். ஆனால் உறவு முறிந்த பிறகும் சும்மா இருப்பது வெறும் சோம்பல்.

இவர் சும்மா இருந்துவிட்டார். பாக்கி வசூலுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் காலம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு பார்ட்டி எழுத்தில் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். அதனால்தான் மார்ச் 31 இருப்பைக் காட்டி கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்கிறோம். இவரிடம் அப்படி ஒரு தாள்கூட இல்லை. பெரும்பாலான பில்களுக்குக் காலம் போயிருந்தது.

புது யூனிட்டில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் கடன் வரம்பு போட்டிருக்கிறார். வரம்பு தாண்டினால் சரக்கு வெளியே போகாது. தம்பி முறைக்காரர் ஒருவரின் ஆர்டரையே இப்படி நிறுத்தினார். அவர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். யூனிட்காரர் இப்போது மெஷினுக்குத் தனியாக டெர்ம் லோன் (தவணைக் கடன்) கேட்டிருக்கிறார், இன்னும் சாங்ஷன் ஆகவில்லை. அதுவரை பழைய மெஷின்தான் ஓடுகிறது.