நானோ வெள்ளி பூச்சு: படகில் அடிக்கும் முன் கேட்க வேண்டியவை

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி, அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை தொடங்கியதும் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது: "நானோ வெள்ளி கலந்த பூச்சு வந்திருக்காமே, அடித்தால் கொட்டலசு ஒட்டவே ஒட்டாதாமே?" கொட்டலசு என்பது படகின் அடியில் கெட்டியான ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர். கடல் பூச்சுகளைச் சோதிப்பது என் வேலை. என் பதில், படகின் அடிப்பாகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். 100 நானோமீட்டருக்கும் சிறிய துகளாக்கினால் அதே எடைக்குப் பரப்பு பல மடங்கு கூடுகிறது, அதிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அதன் இயக்கத்தை முடக்குகின்றன. ஆய்வகத் தட்டில் பூச்சைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம் தெரியும், அந்தப் படத்தைத்தான் பலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்தத் தட்டில் பெரும்பாலும் வளர்ப்பது ஈ.கோலை போன்ற, மருத்துவச் சோதனைகளுக்குப் பழகிய கிருமிகள். படகில் ஒட்டுவதோ கடல் பாக்டீரியா, நுண்பாசி, அப்புறம் கொட்டலசு, ஆளி என்ற சிப்பி வகை இவற்றின் குஞ்சுகள். அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. வெளியே வரும் வெள்ளியை அது உடனே பிடித்துக்கொள்கிறது, கழன்று வந்த துகள்களும் உப்பு நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. அழுகின முட்டை வாடை வீசும் துறைமுகச் சேற்றுநீராக இருந்தால், கொலுசு கறுப்பது போலத் துகளின் மேல் வெள்ளி சல்ஃபைடு படிந்து, வேலை செய்யும் வெள்ளி மேலும் குறைகிறது. சரி, கிருமி செத்தே போனது என்று வைத்துக்கொண்டாலும், செத்த செல்கள் அங்கேயே படிந்து அடுத்து வருபவைக்கு இடம் கொடுக்கின்றன. சோதனைக்காகப் பூசிக் கடலில் தொங்கவிடும் பலகை முதல் சில வாரம் பளிச்சென்று இருந்து, அப்புறம் மெல்ல மெல்ல வழுவழுப்பாவது இதனால்தான்.

கசிந்த வெள்ளி காணாமல் போய்விடுவதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பாலோ ஆல்டோ சேற்றுப் பரப்பில், புகைப்படக் கழிவோடு கழிவுநீர் வழியே வந்த வெள்ளி மட்டிகளின் உடம்பில் சேர்ந்திருந்த காலத்தில் அவற்றின் இனப்பெருக்கம் தடைப்பட்டிருந்தது. 1980களில் வெள்ளியின் அளவு குறைந்த பிறகுதான் அவை தேறின. முன்பு படகுப் பூச்சுகளில் கலந்த டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தின் கதையை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டோம். கொட்டலசை அருமையாகத் தடுத்த அந்தப் பொருள் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே நாசமாக்கியது. பிரான்ஸ் 1982-ல் சிறு படகுகளில் அதற்குத் தடை போட்டது, உலக அளவிலான தடை நடைமுறைக்கு வந்ததோ 2008-ல். தூத்துக்குடி போல முத்துச்சிப்பியும் சங்கும் வாழும் கரையில் இன்னொரு உலோகத்தைக் கொட்டும் முன் நிறைய யோசிக்க வேண்டும்.

அதற்காக நானோ வெள்ளியே வீண் என்று நான் சொல்லவில்லை. கடல் உணர்கருவியின் கண்ணாடிச் சாளரம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சவ்வு மாதிரி சிறிய, விலையுயர்ந்த பரப்புகளில், துகளைப் பாலிமரோடு இறுக்கிப் பிணைத்துச் செய்யும் ஆய்வுகளில் எனக்கு உண்மையான நம்பிக்கை இருக்கிறது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன்கூண்டு வலைகளுக்கு நானோ செம்பு ஆக்சைடை முயன்றிருக்கிறது. வெள்ளியை விட்டுச் செம்புக்குப் போவதன் ஒரு காரணம் விலையைப் பார்த்தாலே புரியும், வெள்ளி செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல்.

விற்க வருபவரிடம் தட்டுப் படத்தைக் கேட்காதீர்கள். மிதவையில் தொங்கவிட்ட பலகையின் படங்களைக் கேளுங்கள்: பூசாத பலகையும் பக்கத்தில் இருக்க வேண்டும், கொட்டலசு அதிகம் ஒட்டும் பருவம் உட்படப் பல மாதம் நம் கடலிலேயே கிடந்திருக்க வேண்டும். மாதம் போகப்போக வெள்ளி எவ்வளவு கசிகிறது என்ற அளவையும் கேளுங்கள். அலுமினிய உடல் என்றால் அரிப்பு கூடும், வெள்ளியைத் தொடவே வேண்டாம். பாட்டிலில் வரும் வெள்ளிக் கரைசலை வாங்கி நீங்களாகப் பெயின்ட்டில் கலக்காதீர்கள், பெயின்ட்டின் பிடிமானமே போய்விடலாம். பழைய பூச்சைச் சுரண்டும்போது முகமூடி போட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, தூளை அள்ளி மூட்டை கட்டுங்கள். கிழக்குக் கரையில் ஜூன் 14 வரை தடைக்காலம். பூசிய பிறகு எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கடைசிப் பூச்சுக்கு நாள் குறியுங்கள்.