பாதி எலியைக் கொன்றால்

பெட்டிக்கு அடியில் கிடந்த கறுப்பு உருண்டையை மாமா குச்சியால் பிரித்துக் காட்டினார். கட்டைவிரல் தடிமன் இருக்கும். மேலே அரக்கு பூசியது போல மினுமினுப்பு, உள்ளே கம்பளியாய் எலி மயிர். அதற்குள் இரண்டு மண்டையோடு. முன்பல்லின் மஞ்சள் கூடப் போகவில்லை. கூகை எலியை அப்படியே விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும்.

மலேசியாவில் குளுவாங் பக்கம், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் ஏற்றிய மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் புறாக்கூடா என்று கேட்பார்கள். கூகைக்கான வீடு அது. மலாயில் ஆந்தைக்குப் ‘பூரோங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்று பெயர். நம் லயங்களிலும் அது அலறினால் சாவு விழும் என்றுதான் பாட்டிகள் சொன்னார்கள். தீபகற்பத்தில் ஒரு காலத்தில் அபூர்வமாக இருந்த இந்தக் கூகை, 1960களின் பிற்பகுதியில் ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில்தான் கூடு வைக்கத் தொடங்கியது. காரணம் எலி.

மாமா தோட்டத்தில் தண்டலாக, அதாவது கங்காணியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு சந்தேகம் பல வருஷமாக உண்டு. “மருந்து வெச்சோம் மாப்ள, பாதி எலி செத்துச்சு. கொஞ்ச மாசத்துல பழையபடி உதிரிப் பழத்தைக் கொறிக்குது. இவ்ளோ எலி எங்கேருந்துதான் வருது?”

பக்கத்துக் காட்டிலிருந்து கொஞ்சம் வரும், உண்மைதான். ஆனால் பெரும்பங்கு செத்த எலிகள் விட்டுப்போன காலி இடத்திலிருந்தே வருகிறது.

எலியின் கர்ப்பம் ஏறக்குறைய மூன்று வாரம். தீனியும் இடமும் தாராளமாக இருந்தால் பெருக்கம் வட்டிக்கு வட்டி போல ஏறும். தோட்டம் எவ்வளவு பெரிதானாலும் பழம் அளவானது, பதுங்க மட்டைக் குவியலும் அளவானது. கூட்டம் நெருங்க நெருங்கக் குட்டிகள் பிழைப்பது குறைந்து, சண்டை கூடி, பெருக்கம் மட்டுப்படும். ஓர் இடம் எத்தனை உயிரைத் தாங்குமோ அதைத் தாங்குதிறன் என்பார்கள். இந்தக் கடிவாளத்தை பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் 1838லேயே சமன்பாடாக எழுதிவிட்டார்.

அதை எலிக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டருக்கு 400 எலி தாங்கும், தடையில்லாத பெருக்கம் மாதத்துக்கு 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கணக்குக்காக நான் எடுத்த எண்கள்தான். எலி 350 இருக்கும்போது மாதம் ஏறத்தாழ 9தான் கூடுகிறது, இடம் இல்லை. 40 இருக்கும்போது 7தான், ஈனுவதற்கு ஆள் இல்லை. நடுவில் 200 இருக்கிறதே, அப்போதுதான் மாதம் 20 கூடுகிறது. ஈனத் தாய்கள் போதுமான அளவு, வளரவும் இடம். எந்த எண்ணைப் போட்டாலும் உச்சம் தாங்குதிறனின் பாதியில்தான் வந்து நிற்கும்.

ஆக, பாதி எலியைக் கொன்றுவிட்டுக் கையைக் கழுவினால், எலிக் கூட்டத்தை அது மிக வேகமாக வளரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்ததாக ஆகும். தோட்டங்களில் மரத்துக்கு ஒரு மருந்துக் கட்டி வைத்து, நாலைந்து நாளைக்கு ஒருமுறை காணாமல் போனதற்குப் புதுசு வைத்து, நூற்றுக்கு இருபதுக்கும் கீழே காணாமல் போகும்வரை சுற்றை நிறுத்தாதே என்று சொல்லும் விதி சும்மா வந்ததல்ல. மாமாவின் தோட்டத்தில் இரண்டாம் சுற்றோடு மருந்து தீர்ந்துவிடுமாம். மூன்றாவதுக்குக் கேட்டால், “அடுத்த மாசம் பார்ப்போம்.”

இப்போது கூகைக்கு வருவோம். பெற்றோரும் குஞ்சுகளுமாக ஒரு ஜோடியின் குடும்பம் ஆண்டுக்கு ஆயிரம் எலி தின்னும் என்று கொள்ளலாம். பத்து ஹெக்டருக்கு ஒரு ஜோடி என்றால், ஹெக்டருக்கு மாதம் 8 எலி. மேலே உள்ள எண்களோடு சேர்த்துப் பாருங்கள். 40 எலியில் மாதம் 7 கூடும், கூகை 8 தின்னும், அடக்கிவிடும். 200ல் 20 கூடும், கூகையின் 8 ஒரு மூலைக்குக் காணாது. ‘கூகை வெச்சுப் பார்த்தோம், வேலைக்கு ஆகலை’ என்கிற தோட்டமும், ‘கூகையே போதும்’ என்கிற தோட்டமும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எந்த எண்ணிக்கையில் தொடங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கூகைக்கும் தாங்குதிறன் உண்டு. செம்பனைக் காட்டில் அதற்குத் தீனிப் பஞ்சம் இல்லை, பொந்துப் பஞ்சம்தான். பெட்டி வைத்ததும் அதன் எண்ணிக்கை ஏறியது அதனால்தான். எலியின் தாங்குதிறனும் அசையாத எண் அல்ல. 1981ல் காமரூனிலிருந்து கொண்டுவந்து குளுவாங் பக்கம் ஒரு சின்ன வண்டை விட்டார்கள். ஆண்பூவில் முட்டையிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவுக்குச் சுமக்கும் வண்டு. அதுவரை மனிதர்கள் கையால் மகரந்தம் தூவிய வேலை மிச்சமாயிற்று. ஆனால் ஆண்பூவுக்குள் நெளியும் அதன் புழு எலிக்கு வறுத்த கறி மாதிரி. எலிகள் பூவைக் கிழித்துத் தின்னப் பழகிக்கொண்டன. தீனி கூடினால் தாங்குதிறனும் கூடும்.

மருந்து விஷயம் இன்னும் சுவாரஸ்யம். வார்ஃபரின் என்ற பழைய மருந்து, உடலில் வைட்டமின் கே-யைப் புதுப்பிக்கும் நொதியை முடக்கும். ரத்தம் உறையாது; சில நாளில் எலி உள்ளுக்குள் கசிந்து சாகும். அந்த நொதிக்கான மரபணுவில் ஏற்கெனவே சிறு மாற்றம் உள்ள எலி ஒன்றிரண்டு எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். மருந்து மற்றதைக் கொல்ல, இவை பிழைத்து, மேலே சொன்ன காலி இடம் முழுவதையும் தங்கள் குட்டிகளால் நிரப்பும். “எலி மருந்தைக் கத்துக்கிச்சு” என்று மாமா சொல்வார். ஒரு எலியும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டம்தான் ஆள் மாறியது. ஸ்காட்லாந்தில் 1958லும் மலேசியாவில் 1980களின் தொடக்கத்திலும் இது தெரியவந்தது.

அதற்காக வந்த அடுத்த தலைமுறை மருந்துகள் ஒரே வேளை தின்றாலே சில நாளில் கொல்பவை. ஆனால் செத்த எலியின் ஈரலில் தங்கும். மருந்து தின்ற எலி தள்ளாடித் திரியும், கூகைக்கு லகுவான இரை. விஷம் கூகைக்கும் ஏறியது, சில தோட்டங்களில் பெட்டிகள் காலியாயின.

இங்கேதான் 1926ல் இத்தாலியக் கணித அறிஞர் வோல்டெரா சொன்னது பொருந்துகிறது. முதல் உலகப் போரில் மீன்பிடிப்பு குறைந்தபோது ஏட்ரியாடிக் கடலில் வேட்டை மீன்களின் பங்கு கூடியது ஏன் என்று மருமகன் டாங்கோனா கேட்க, அவர் கணக்குப் போட்டார். வேட்டையாடியையும் இரையையும் ஒரே விகிதத்தில் கொன்றுகொண்டிருந்தால் சராசரியில் இரை கூடும், வேட்டையாடி குறையும். வலையை நிறுத்தினால் தலைகீழ். செம்பனைக் காட்டில் மருந்துதான் வலை. எலிக்கு அடுத்த ஈற்று சில வாரத்தில். கூகைக்குக் குஞ்சு பொரிக்கவே ஒரு மாதம், பறக்க விட இன்னும் இரண்டு மாதம்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ கூகை இருக்கற காட்டுல பழைய மருந்தையே வைக்கலாமா?” என்றார். வைக்கிறார்கள், எலியை அது இன்னும் கொல்லும் இடங்களில். கூகைக்கு ஆபத்து குறைவு. முதலில் நாலைந்து சுற்று விடாமல் வைத்து எண்ணிக்கையைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பெட்டியை நம்புவது.

பிரித்த உருண்டையை அவர் காலால் மண்ணோடு தள்ளிவிட்டு, அடுத்த பெட்டிக்கு நடந்தார். அதன் அடியில் உருண்டையே இல்லை. வாசலில் வைக்கோல் தொங்கியது. மைனா குடியேறியிருந்தது.